பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் சம்பளத்தோடு பயிற்சி

மேலே படிக்க வசதியில்லாத பிள்ளைகள் பலருக்கு, பிளஸ் டூ முடிந்ததும் கிடைக்கும் முதல் வேலை பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பில்தான். நாலு வருஷத்தில் டாக்டர்களின் கிறுக்கெழுத்து அத்துப்படியாகிவிடும். ஆனால் வேறு கடையில் வேலை கேட்கும்போது காட்ட ஒரு சான்றிதழும் இருக்காது. இதே வேலையைத் தொழில் பழகுநராகச் சேர்ந்து கற்றால் கையில் காசும் வரும், கடைசியில் சான்றும் கிடைக்கும்.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2019இல் திருத்திய விதிகள், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் குறைந்தது 6,000 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 7,000 ரூபாயும் உதவித்தொகை என்று வைத்தன. தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் இதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. விதிப்படி நாலு பேராவது வேலை செய்யும் நிறுவனம்தான் பழகுநரைச் சேர்க்கலாம். ஆக, அண்ணனும் தம்பியும் நடத்தும் சின்னக் கடையில் இது நடக்காது. பல கிளைகள் வைத்திருக்கும் மருந்துக்கடைகள், பெரிய மருத்துவமனைகளின் மருந்தகங்கள் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். உதவித்தொகை தரவேண்டியது நிறுவனம். ‘பயிற்சிக் கட்டணம் கட்டு’ என்று யாராவது கேட்டால், அது இந்தத் திட்டமே அல்ல.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்தப் பழகுநர் பயிற்சி முடித்தவர் மருந்தாளுநர் ஆகிவிடமாட்டார். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டமும் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளும் இதில் கறார். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது, மருந்தியல் கவுன்சிலில் பதிவு பெற்றவர் தம் கையால் அல்லது தம் கண்முன்னே செய்யவேண்டிய காரியம். அனுபவமே போதும் என்றிருந்த காலமும் உண்டு. சட்டம் வந்த புதிதில், ஐந்து வருஷம் மருந்து கலக்கிய கம்பவுண்டர்களையும் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது. ‘ஒரு வருஷ பார்மசி கோர்ஸ், முடித்ததும் சொந்தக் கடை’ என்று துண்டுச்சீட்டு கொடுப்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

அப்படியானால் பயிற்சியில் என்னதான் கற்கிறார்கள்? எடுத்துக் கொடுப்பது அதில் சின்னப் பகுதி. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்தால் வீண். காலாவதி நெருங்கும் அட்டைகள் முன்வரிசைக்கு வரவேண்டும், முடிந்தவை விநியோகஸ்தருக்குத் திரும்பவேண்டும். சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் ‘ஹெச் 1’ அட்டவணையில் வருகின்றன. 2014 மார்ச்சிலிருந்து அவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பிறகு, பெயர் மயக்கம். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிடுவது சுலபம். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் மருந்தாளுநரிடம் கேட்கும் பழக்கம்தான் இந்தப் பயிற்சிக் காலத்தில் வரவேண்டிய முக்கியமான பாடம் என்பேன்.

மருந்தாளுநராகவே ஆக வேண்டுமென்றால் டி.பார்ம் என்னும் மருந்தியல் பட்டயம் படிக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் சேரலாம். இரண்டு வருஷப் படிப்பு, அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. முழுநேரப் படிப்பு என்பதால் பகலில் கடை, அஞ்சல் வழியில் டி.பார்ம் என்பது செல்லாது. வீட்டுச் சூழல் இடங்கொடுத்தால் நேரே இதில் சேர்வதே லாபம் என்பது என் கணக்கு. இல்லையென்றால் ஒரு வருஷம் பழகுநராக இருந்து, தொழில் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேரலாம். பட்டயத்துக்குப் பலன் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த 1,000 முதல்வர் மருந்தகங்களில் தொழில்முனைவோராகச் சேர, டி.பார்ம் அல்லது பி.பார்ம் கேட்டார்கள். அவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு.

சேரும் முன் ஒப்பந்தம் அரசின் தொழில் பழகுநர் இணையதளத்தில் பதிவாகிறதா, முடிவில் சான்றிதழ் தருவது யார், பணம் வங்கிக் கணக்குக்கு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குப் பொதுவாக இல்லை. தருவதாக வாயால் சொன்னால், ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.