குழியில் போட்டதை யார் எடுப்பது?

ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் இருக்கிறது டூன்ரே அணு ஆராய்ச்சி நிலையம். 1950களில் தொடங்கிய அந்த நிலையத்தில் மூன்று உலைகள் இயங்கின. கடைசி உலை 1994இல் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன, கழற்றும் வேலை இன்னும் நடக்கிறது. 2070கள் வரை நீளும் என்பது இப்போதைய கணக்கு.

இவ்வளவு இழுப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, 65 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணறு. கடலுக்கடியில் கழிவுநீர்ச் சுரங்கம் அமைத்தபோது பாறைகளை வெளியேற்ற வெட்டியது அது. வேலை முடிந்ததும் மூடாமல், 1959 முதல் கதிரியக்கக் கழிவை அதில் கொட்டினார்கள். திருட்டுத்தனமாக அல்ல, அரசின் அனுமதியோடு. உள்ளே நிலத்தடி நீர் நின்றது. எதை எவ்வளவு போட்டோம் என்ற பதிவோ அரைகுறை. கொட்டிய கழிவில் இருந்த, உலையைக் குளிர்விக்கப் பயன்பட்ட சோடியமும் பொட்டாசியமும் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். 1977 மே 10 அன்று அந்த வாயு வெடித்து, கிணற்றின் கான்கிரீட் மூடியே பெயர்ந்து விழுந்தது. போட்டதையெல்லாம் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று அரசு முடிவு செய்ததோ 1998இல்தான். போடுவதற்கு ஆனதைவிட அதிகக் காலமும் பல மடங்கு பணமும் எடுப்பதற்கு ஆகிறது.

மற்றொரு ஆபத்து எளிதில் கண்ணில் படாதது. எரிபொருளை வெட்டிச் செதுக்கியபோது உதிர்ந்த துகள்கள் கழிவுநீரோடு கடலுக்குப் போயின. மணலளவுதான் இருக்கும். 1984இல் அருகிலுள்ள சான்ட்சைடு கடற்கரையிலும் அப்படி ஒன்று கிடைத்தது. 1997இல் நிலையத்தின் கழிவுநீர் வெளியேறும் இடத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு மீன்பிடிக்கத் தடை வந்தது. மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்: பெரும்பாலான துகள்கள் வலுக் குறைந்தவை, கடற்கரைக்கு வருபவர் மீது ஒன்று ஒட்டும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் வீரியமுள்ள துகள் தோலில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். விழுங்கினால் குடலுக்குக் கேடு. அதனால்தான் கருவிகளோடு கடற்கரையைத் தொடர்ந்து அலசுகிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன வழி இருந்தது? பிரிட்டனின் 1965ஆம் ஆண்டு அணு நிலையச் சட்டப்படி, நிலையத்தின் கதிரியக்கப் பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால், நடத்துபவரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கேடு அங்கிருந்து வந்தது என்று காட்டினால் போதும். சான்ட்சைடு கடற்கரையின் உரிமையாளர் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு வழக்காடியது. நிலையத்தை நடத்திய பிரிட்டன் அணுசக்தி ஆணையம் சட்டக் கடமையை மீறிவிட்டதாக 2003இல் நீதிமன்றம் அறிவித்தது. துகள்களைக் கடலில் விட்டது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்ட அதே ஆணையத்துக்கு 2007இல் 1,40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆகும் துப்புரவுச் செலவைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. என்றாலும் குற்றம் பதிவானது. என் பார்வையில் அந்தப் பதிவுதான் பெரிது.

அங்குள்ள மக்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. அரசு அமைப்புகளிடம் சுற்றுச்சூழல் தகவல் எதையும் கேட்கலாம். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை உலையும் டூன்ரேயின் வேக உலைகளைப் போலவே திரவ உலோகத்தால் குளிர்விக்கப்படுவது. அதிலும் சோடியம் உண்டு. அதற்கும் ஒருநாள் ஓய்வு வரும். கழிவு எங்கே போகும், பதிவேடு யார் கையில் இருக்கும், மூடும் செலவுக்குப் பணம் எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளை உலை ஓடும்போதே கேட்க வேண்டும். நின்றபின் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

புதிய அணுமின் திட்டம் என்றால், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்தான் இவற்றைக் கேட்கும் இடம். பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள். மக்கள் சொன்ன கருத்துகளைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் அதைச் சேர்த்த பிறகே மாவட்ட ஆட்சியரின் கையெழுத்து விழட்டும்.