மளிகை நோட்டில் ஒரு என்.சி.ஆர்.!

மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் எங்கள் வீட்டுத் தளத்துக்கு 'என்.சி.ஆர்.' எழுதினேன். அதென்ன புது வியாதி என்று பயந்துவிடாதீர்கள்! 'நான்-கன்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்' என்பதன் சுருக்கம். பாலம், அணை போன்ற பெரிய வேலைகளில், பிளானில் சொன்னபடி ஒன்று இல்லையென்றால் தரம் பார்க்கும் இஞ்சினீயர் எழுதிக் கொடுக்கும் குறைச்சீட்டு.

கொல்லிமலையில் செம்மேடு பக்கம் எங்கள் வீடு. சிமெண்டோ கம்பியோ, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும். மறுநாள் தளம் போட மிக்சர் மிஷின், ஆட்கள் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் காபி கொண்டு போனவள் சும்மா ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பியெல்லாம் சென்ட்ரிங் தகட்டின் மேலேயே படுத்திருந்தது! அடியில் முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

தளக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கம்பியைத் தொட்டுவிடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். சாரலும் மூடுபனியுமான ஊர் எங்களுடையது. பேத்தியின் தொட்டில் அந்தத் தளத்தில்தானே தொங்கப் போகிறது?

"ஏனுங்கம்மா, எத்தனை வூடு கட்டியிருக்கறேன்! போடறப்பக் கம்பியத் தூக்கி விட்டுக்கலாமுங்க" என்றார் மேஸ்திரி. எனக்கும் கோபம் வந்தது. கட்டட வேலையில் இருக்கும் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். "சண்டை போடாதீங்க பெரியம்மா, எழுதுங்க" என்றான். எந்த இடம், எப்படி இருக்கணும், எப்படி இருக்கு, யார் சரி செய்யணும், எப்போதுக்குள். அதோடு, ஏன் இப்படி ஆச்சு?

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. மேஸ்திரி கொடுத்த சாமான் லிஸ்ட் அதே நோட்டில் இருந்தது. அதில் 'கவர் பிளாக்' என்ற வரியைச் சிக்கனம் என்று அடித்திருந்தது நானேதான்! பாவம், அவர் மிச்சக் கலவையில் நாலைந்து வார்த்து ஒப்பேற்றியிருக்கிறார்.

தளம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. கூலியும் மிஷின் வாடகையும் தண்டம். வீட்டுக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனால் கான்கிரீட் இறுகிவிட்டால் குறைச்சீட்டுக்கு என்ன வழி? ஒட்டுப் போடணும், இல்லை இடிக்கணும். 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், தொட்டாலே சிமெண்ட் பூச்சு உதிர்ந்தது நினைவிருக்கிறதா? ஜனங்கள் குடி வந்த பிறகு ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதிக்க வேண்டியதாயிற்று.

காலை பஸ்ஸில் நாமக்கல்லிலிருந்து பிளாக்குகள் வந்தன. மூன்றடிக்கு ஒன்றாக வைத்தார்கள். நான் டார்ச் அடித்து, குனிந்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். சொன்னதோடு விட்டால் சீட்டு முடியாதாம். திரும்பப் பார்த்தவர்தான் மூட வேண்டுமாம். 'சரி' என்று எழுதி நான் கையெழுத்துப் போட, மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே போட்டார்.

அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தளம் பழுதில்லை. அடுத்த பக்கத்தில் இன்னொரு சீட்டு இருக்கிறது: குளியலறைத் தண்ணீர் குழாய் மூலைக்கு ஓடாமல் வாசல் பக்கம் ஓடுகிறது. அதை இன்னும் மூடவில்லை.