அந்நியத் தொழிலாளருக்கும் இபிஎஃப்: மாதம் 34 ரிங்கிட் எங்கே போகிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்திலோ கிள்ளான் தொழிற்சாலையிலோ வேலை செய்யத் தமிழகத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவர்களுக்கும் 2025 அக்டோபர் சம்பளம் முதல் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) கட்டாயம். தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கு ஆளுக்கு 34. ஆண்டுக்கு மொத்தம் 816 ரிங்கிட். நிரந்தரமாக ஊர் திரும்பும்போது இதை எடுத்துக்கொள்ளலாம்.

அதே சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரருக்கு முதலாளி 13 விழுக்காடாக 221 ரிங்கிட் கட்டுகிறார். இந்த இடைவெளி இருவருக்குமே நல்லதல்ல: ஒருவருக்குச் சேமிப்பு குறைகிறது, மற்றவர் முதலாளிக்குச் செலவு கூடிய ஆளாகத் தெரிகிறார்.

வேலையிட விபத்துக்கு 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கோ இபிஎஃப் கட்டாயமில்லை.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது; பணம் கணக்கில் சேர்ந்ததா என்று இபிஎஃப் ஐ-அக்காவுன் செயலியில் பாருங்கள்.