கொடியும் குடமும்

மழைக்குப் பஞ்சமில்லை, ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ஆயினும் குடிநீருக்குத் தவித்தது ஒரு தீவு! விந்தையன்றோ, தோழர்களே? சிங்கப்பூரைத்தான் சொல்லுகிறோம். துறைமுகத்திலே தமிழ்த் தொழிலாளியும் மூட்டை சுமந்த நாடு. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்ற நாடு.

பெரிய ஆறு இல்லை. பெய்ததைத் தேக்கப் பரந்த நிலமும் இல்லை. ஜோகூரிலிருந்து வந்த குழாயை நம்பி வாழ்ந்தது. 1942 ஜனவரி 31-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே பாலத்தைத் தகர்த்தது, குழாயும் அறுந்தது. பிப்ரவரி 15-ல் வெள்ளைத் தளபதி சரணடைந்தார். பீரங்கி மட்டுமா வீழ்த்தியது? வறண்ட குழாயும் சேர்ந்தல்லவா வீழ்த்தியது!

1965-ல் தனிக்கொடி பறந்தது. ஆனால் குடம்? 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றில் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம். 2061-ல் அதன் ஆயுள் முடிகிறது. கொடி நமது, குடம் அயலாரிடம் என்றால் அது முழு உரிமையாகுமா?

தோட்டமும் குடிசையும் போய், அடுக்குமாடியும் ஆலையும் எழுந்தன. ஊருக்கு நிலமா, ஏரிக்கு நிலமா என்ற வழக்கு வந்தது. ஊரையே நீர்ப்பிடிப்பாக்கித் தீர்ப்புக் கண்டார்கள்! கூரையிலும் தெருவிலும் விழும் மழை கால்வாய் வழியே தேக்கம் சேர்கிறது. அன்று மூன்றே நீர்த்தேக்கங்கள், இன்று 17. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்பு. 2008-ல் நகரின் நெஞ்சிலேயே மரினா தடுப்பணை எழுந்தது.

தெரு நீர் குடத்துக்கு வருமானால், தெருக் குப்பையும் வருமே! ஆகவே 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவு செய்தனர். பன்றிப்பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோரக் கடைகளும் சரக்குப் படகுகளும் இடம் மாறின. அந்த விலையைக் கொடுத்தவர் யார்? கோடீசுவரரா? இல்லை, பண்ணைக்காரரும், படகோட்டியும், சிறு வியாபாரியும்! மாற்று வீடு கிடைத்தது, மாற்றுக் கடை கிடைத்தது. பழகிய பிழைப்பு பலருக்குப் போயிற்று. அணையைப் புகழ்வோர் அவர்களை மறக்கலாகாது.

2003 முதல் கழிவுநீரைத் தூய்மையாக்குகிறார்கள். 2005 முதல் கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். 2017-ல் தண்ணீர்க் கட்டணத்தை 30 சதவிகிதம் உயர்த்துவதாக அறிவித்தனர்.

வானம் விலை கேட்பதில்லை, தோழர்களே! அது தருவதை அழுக்காக்காமல் பிடித்துவைக்கும் நிலமே ஏழையின் செல்வம். நிலத்தை எதற்கு விடுவது என்று முடிவு கட்டும்போதே, ஏழை வீட்டுக் குடத்தின் கதியையும் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவெடுக்கும் மன்றத்தில் உழைப்பவனுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதே நம் கோரிக்கை!