பிழையாய் எழுதி முதலிடம் பெறலாமோ?

தன் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதிவைத்தால் வாணிகம் பெருகும் என்று ஒருவர் கூறியிருப்பின், நம் முன்னோர் நகைத்திருப்பர். இணையத்தின் வழியே வாணிகம் நடைபெறும் இக்காலத்திலோ, அவ்வாறு அறிவுரை கூறுவோரும் உளர். அதனைப் பணங்கொடுத்துக் கேட்போரும் உளர். இவ்வெண்ணம் எங்ஙனம் எழுந்தது, இதில் உண்மை எத்துணை என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையை அடுத்துள்ள கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உளது. திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உளது. இத்தகைய இடங்களில், பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றன் உரிமையாளர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லேத்து வேலை வேண்டுவோர் ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் தேடுபொறியில் இட்டுப் பார்க்கின்றனர். விடையாக வரும் பட்டியலின் முதற்பக்கத்தில் உள்ளோரையே பெரும்பாலோர் நாடுவர். பின்பக்கங்களைப் புரட்டுவோர் மிகச் சிலரே. ஆகவே அப்பட்டியலில் இடம் பெறுதல் உரிமையாளருக்கு வீண்பெருமை அன்று. அவரை நம்பி உழைக்கும் நால்வர் ஐவருக்குக் கூலி கிடைத்தலும் அதனைப் பொறுத்ததே.

அந்நிலையில் ஒருவர் வந்து, “மக்கள் ஊர்ப் பெயரைத் தவறாகத் தட்டுகின்றனர். அத்தவறுகளையெல்லாம் உம் பக்கத்தில் நிரப்பிவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக இட்டால் காண்போர் கண்ணிற்படா, தேடுபொறி மட்டும் படித்துக்கொள்ளும்” என்கிறார். இவ்வறிவுரையைக் கொள்ளலாமா?

முதற்கண், மக்கள் ஒரே பெயரைப் பலவாறு எழுதுகின்றனர் என்பது மெய்யே. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. அக்காலத்து ஆங்கிலேயர் இவ்வூரை ‘ட்ரிவெல்லூர்’ என ஒலிக்குமாறு எழுதினர். இன்று எழுதுவோரோ, முதலில் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தைத் தனியே இடுவர். அல்லது அதனோடு ‘எச்’ சேர்ப்பர். ‘எல்’ எழுத்தை ஒருமுறை இடுவாரும் இருமுறை இடுவாரும் உளர். ஊகாரத்திற்கு ‘யு’ இடுவாரும் ‘ஓ’வை இரட்டித்து இடுவாரும் உளர். இம்மூன்றையும் பெருக்கினால், ஓர் ஊருக்கு 8 வடிவங்கள் ஆகின்றன! கும்மிடிப்பூண்டியும் இதற்கு விலக்கன்று. இரயில் நிலையப் பெயரில் ‘யு’ நிற்கும் இடத்தில், சிப்காட் நிறுவனம் இரண்டு ‘ஓ’ இடுகிறது. தமிழிலும் ஊகாரத்தைக் குறுக்கி ‘திருவள்ளுர்’ எனத் தட்டெழுதுதல் நாள்தோறும் காணும் பிழையே.

இக்குழப்பத்தைத் தீர்க்க அரசே ஒருமுறை முயன்றது. 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவைத் தமிழொலிக்கு இயைய மாற்றும் ஆணை 2020 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. வேலூருக்கு வகுத்த புதிய வடிவம் ‘வீலூர்’ என்று படிக்க இடந்தருகிறது என்பன போன்ற குறைகள் எழவே, அவ்வாணை அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்து வேற்றுமை எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, தேடுபொறியின் செயலை நோக்குவோம். 1990-களில் இருந்த தேடுபொறிகள், கேட்ட சொல்லையும் பக்கத்திலுள்ள சொல்லையும் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டன. பிழையாகக் கேட்டவனுக்குப் பிழையாக எழுதிய பக்கமே அகப்பட்டது. ஆதலின் அக்காலத்தில் இச்சூழ்ச்சி ஓரளவு பயன் தந்தது.

ஆனால் பிழையைத் திருத்தும் கலை அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1964-இல் டாமரா என்பார், எழுத்துப் பிழைகளுள் ஏறக்குறைய 80 விழுக்காடு நான்கே வகையின என்று காட்டினார்: ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்து மாறுதல், அடுத்தடுத்த இரண்டெழுத்து இடம் மாறுதல். மறு ஆண்டு இரஷ்ய அறிஞர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை மாற்றம் வேண்டும் என்று எண்ணும் அளவையை வகுத்தார். இத்தகைய அளவைகளோடு, பிழையாகக் கேட்டோர் பின்னர் எவ்வாறு திருத்திக் கேட்டனர் என்பதையும் கொண்டு, இன்றைய தேடுபொறி பிழையைத் தானே உணர்கிறது. ஒன்றின் பின் 100 சுழிகள் இட்ட எண்ணுக்குரிய ‘கூகோல்’ என்னும் சொல்லைச் சிதைத்துத் தன் பெயராக்கிக்கொண்ட கூகுளே, இன்று உலகோர் பிழையைத் திருத்துவது வியப்பன்றோ!

எனவே பிழையாகத் தேடுவோனும் பெரும்பாலும் சரியாக எழுதிய பக்கத்திற்கே அனுப்பப்படுகிறான். பிழையை நிரப்பி வைத்தோன் வாயிலில் காத்து நிற்கிறான். குறிச்சொற்களுக்கென ஒதுக்கிய மறைவிடத்தில் எழுதுவனவற்றைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை என 2009-இல் கூகுள் அறிவித்தது. காண்போருக்கு மறைத்துச் சொற்களை அடுக்குதல் அதன் விதிகளுக்கே மாறானது. அது கண்டால் அப்பக்கத்தைக் கீழே தள்ளவும், அடியோடு நீக்கவும் கூடும்.

வேறோர் இடரும் உண்டு. ‘எச்’ சேர்த்தெழுதும் திருவள்ளூரில் ‘எல்’ ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். எஞ்சிய ‘எல்’ இருக்கும் இடத்தில் ‘ஆர்’ இட்டால் அது திருவாரூராகிவிடும்! அதாவது, அப்பிழை வடிவம் திருவள்ளூருக்கும் ஓரெழுத்துத் தொலைவு. காவிரிக் கழிமுகத்துத் திருவாரூருக்கும் ஓரெழுத்துத் தொலைவு. தன் ஊரைப் பிழையாய் எழுதியவன், வாடிக்கையாளரை அழைப்பதாக எண்ணித் தன் முகவரியையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறான்.

ஆயின் பட்டறை உரிமையாளர் செய்யத்தக்கது யாது? பிழை வேறு, வழக்கு வேறு என்று அவர் முதலில் பிரித்தறிதல் வேண்டும். இரயில் நிலையத்தார் எழுதும் வடிவும் சிப்காட் எழுதும் வடிவும் பிழைகள் அல்ல, இரண்டும் வழக்கே. அவற்றை முகவரியின் அருகே, “இவ்வூர் இவ்வாறும் எழுதப்படும்” என்று ஒருமுறை வெளிப்படையாகக் குறித்தல் தவறன்று. பிறமாநிலத்திலிருந்து வருவோர்க்கு அஃது உதவியுமாம். தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தில் சரியாகத் தருதல் வேண்டும். எவ்வெந்திரம் உளது, எவ்வளவு நுண்மையாகக் கடைவார், எத்தனை நாளில் முடிப்பார் என்பவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். கூகுள் நிலப்படத்தில் பட்டறையின் இடத்தைப் பிழையின்றிக் குறித்தலும் வேண்டும்.

உறுப்பொன்றை நூலளவு பிழையாகக் கடைந்தாலும் ஆலை அதனை ஏற்பதில்லை. அதனை நன்கறிந்த பட்டறைக்காரர் தம் ஊர்ப் பெயரில் மட்டும் பிழையை விலைக்கு வாங்குவானேன்? மாணவ நண்பர்களுள் நாளை தொழில் நடத்தப் போவோரும், தொழில் நடத்துவோர்க்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கப் போவோரும் பலர். தேடுவோன் ஒருவன் தட்டுத்தடுமாறி வருங்கால் அவனுக்கு வழிகாட்டுதல் வேறு. அவன் தடுமாற்றத்தையே முதலாகக் கொள்ளுதல் வேறு. முன்னதே நிலைத்த வாணிகத்துக்கு அடிப்படை என்பது நம் துணிபு.