டார்பர்னைட்டு என்னும் பச்சைக்கல்

நிலத்தின் வயிற்றிற் பிறக்கும் கற்களுட் பலவற்றை நாம் அழகு பற்றியே போற்றுகின்றோம். மரகதத்தின் நிறமும் அப்பிரகத்தின் ஏடும் ஒருங்கே பெற்ற டார்பர்னைட்டோ, தன் அழகினும் அரியதொரு செய்தியை அறிவுலகிற்கு அளித்தது. அதன் இயல்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் டார்பன் பெர்க்மன் என்பாரின் நினைவாக இக்கல் இப்பெயர் பெற்றது. சால்கோலைட்டு என்பது பழைய பெயர். செம்பு, யுரேனியம், பாஸ்பரஸ், பிராணவாயு என்பவற்றோடு நீரும் கூடியமைந்தது இது. இதன் படிகங்கள் சதுரத் தகடுகளாய் ஏடேடாகப் பிரியும். கடினம் மோஸ் அளவையில் 2 முதல் 2.5 வரையே, செப்புக்காசினாலும் கீறலாம். எடையோ நீரினும் மும்மடங்கிற்குச் சற்று மிகும். உலர்ந்த காற்றிற் கிடப்பின், தன்னகத்துள்ள நீரில் ஒரு பகுதியை இழந்து வேறொரு கனிப்பொருளாக மாறிவிடும். செம்பிற்குப் பதிலாகக் கால்சியம் அமைந்த ஆட்டுனைட்டு புறஊதாக் கதிர் பட்டவுடன் மஞ்சட்பச்சையாய் ஒளிரும். இதுவோ பெரும்பாலும் ஒளிராது. செம்பு அவ்வொளியை அவித்துவிடுதலே காரணம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலும், ஜெர்மனியின் சாக்சனியிலும், காங்கோ நாட்டின் கடாங்காவிலும் இது கிடைக்கின்றது.

இனி அச்செய்தியைக் காண்போம். 1898-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையார் பல கனிப்பொருள்களின் கதிர்வீச்சை அளந்து வந்தார். யுரேனியம் ஒரு பகுதியாகவே உள்ள இக்கல், தனி யுரேனியத்தினும் குறைந்த ஆற்றலே காட்டுதல் வேண்டும். ஆயின், அஃது இருமடங்கிற்கு மேற் காட்டிற்று! அம்மையார் வியந்து நின்றாரல்லர். தூய பொருள்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் அதே கல்லைச் செயற்கையாக ஆக்கி அளந்தார். செயற்கைக் கல் யுரேனியத்தினும் குறைந்தே நின்றது. சேர்க்கை ஒன்றாயிருக்க, ஆற்றல் வேறாயது எதனால்? இயற்கைக் கல்லில் அதுவரை எவரும் அறியாத பொருள் மறைந்திருத்தல் வேண்டுமெனத் துணிந்தார். அத்துணிபே அவ்வாண்டு ஜூலையிற் பொலோனியத்தையும், டிசம்பரில் ரேடியத்தையும் பிட்ச்பிளெண்டு என்னும் கனியிற் கண்டறியக் காரணமாயிற்று.

யுரேனியத்தின் பெரும்பகுதி, 450 கோடி ஆண்டுகளிற் பாதியாகுமாறு மெல்லச் சிதைவது. அச்சிதைவிற் பிறந்த ரேடியம் முதலியன இயற்கைக் கல்லில் நெடுங்காலமாகத் தங்கியுள்ளன. புதிதாக ஆக்கிய கல்லில் அவை இல்லை. இதுவே அவ்வேறுபாட்டின் விளக்கம்.

இக்கல் ராடான் என்னும் வாயுவையும் வெளிவிடுதலின், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தலும், தொட்டபின் கை கழுவுதலும் வேண்டும். நெடுநாள் கதிர்களோடு பழகிய கியூரி அம்மையார் 1934-இல் இரத்தம் குன்றும் நோயால் உயிர் துறந்தார். கதிர்களே அதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. பொருந்தாத ஓர் எண்ணைப் பிழையென்று ஒதுக்காமல், அதன் மெய்ம்மையைப் பொறுமையுடன் ஆராய்ந்தார் அவர். படைப்பின் மறைபொருளை நாடும் மாணவராகிய நாம் அப்பொறுமையைப் போற்றிக் கற்போமாக.