பவர்ஷெல்லில் நிரலகப் பொதிகளை நிறுவுதல்

சொல்லடைவு ஆக்கும் பணி தமிழ்த்துறைகளுக்குப் புதிதன்று. ஒவ்வொரு சொல்லையும் சீட்டில் எழுதி அகர வரிசையில் அடுக்கிய காலத்தைத் துறையின் மூத்தோர் நன்கறிவர். இன்றோ, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் நூல்கள் பல மின்வடிவில் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றுள் இணையப் பக்க வடிவிலுள்ள நூல்களில் செய்யுட் சொற்களோடு வடிவக் குறிகளும் கலந்திருக்கும். நம் மாணவர் ஒருவர் அவற்றைக் களையாமலே எண்ணிவிட்டார். அவர்தம் சொல்லடைவில் முதலிடம் பெற்றது, வரி முறிவைக் குறிக்கும் 'பிஆர்' என்னும் குறி!

இக்குறிகளைப் பிரித்தறியும் நிரலை நாமே எழுத வேண்டுவதில்லை. வல்லார் எழுதிப் பலருக்கும் பொதுவாக வைத்துள்ள நிரல்தொகுதியை நிரலகம் என்கிறோம். அதனைக் கட்டி வைத்த கோப்பு பொதி எனப்படும். 'எச்டிஎம்எல் அஜிலிட்டி பேக்' என்பது நம் தேவைக்கேற்ற பொதி. அதனைப் பவர்ஷெல் வழியே பெறும் முறையை ஈண்டு விளக்குவோம்.

பவர்ஷெல் என்பது கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணிப்பொறியை இயக்கும் கருவி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்டது. 2016இல் அதன் மூலநிரல் எல்லார்க்கும் திறக்கப்பட்டு, லினக்ஸிலும் இயங்கத் தொடங்கியது. அதன் கட்டளைகள் வினையும் பெயருமாய் இணைந்தவை: 'இன்ஸ்டால்-பேக்கேஜ்', 'ஃபைண்ட்-பேக்கேஜ்'. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்க, இங்கே ஏவல்வினை முன்னே நிற்கிறது. தமிழ் மாணவர்க்கு இது சற்றே வேடிக்கையாகத் தோன்றலாம்.

பொதிகள் இருவகை என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். பவர்ஷெல்லுக்கென்றே எழுதப்பட்டவை மாட்யூல்கள்; அவை 'பவர்ஷெல் காலரி' என்னும் களஞ்சியத்தில் உள்ளன. டாட்நெட் நிரல்கள் எவற்றுக்கும் பொதுவான நிரலகங்கள், 2010இல் அறிமுகமான நியூகெட்டின் களஞ்சியத்தில் உள்ளன. மாட்யூலை 'இன்ஸ்டால்-மாட்யூல்' என்னும் கட்டளையால் நிறுவிவிட்டால், அதன் கட்டளையை அழைத்தவுடன் அது தானே விழித்துக்கொள்ளும். பொது நிரலகம் அவ்வாறு விழிப்பதில்லை. தொடக்க மாணவர் இடறும் இடம் இதுவே.

நியூகெட் களஞ்சியத்தை 'ரெஜிஸ்டர்-பேக்கேஜ்சோர்ஸ்' கட்டளையால் முதலிற் பதிவு செய்தல் வேண்டும். விண்டோஸுடன் வரும் 5.1ஆம் பதிப்பில், களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு முகவரியையே தருதல் நலம். பின்னர் 'இன்ஸ்டால்-பேக்கேஜ்' கட்டளையுடன் பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையும் தருக. 'ஸ்கோப் கரண்ட்யூசர்' எனச் சேர்த்தால் நிருவாகி உரிமை இன்றியே நிறுவலாம். பொதுக் கணிப்பொறிகளில் பயிலும் மாணவர்க்கு இது பேருதவி. ஒரு பொதி தான் சார்ந்த வேறு பொதிகளையும் உடனழைத்து வரும். சில வேளைகளில் நமக்கு வேண்டாதனவும் வந்து குவியும். அப்போது 'ஸ்கிப் டிபென்டென்சீஸ்' என்பதைச் சேர்க்கலாம்.

நம் அறையிலிருந்த பழைய கணிப்பொறி இத்தனைக்கும் அசையவில்லை. இணைய இணைப்பைச் சரிபார்க்குமாறு எச்சரித்தது. இணைப்பை நொந்து இரண்டு நாள் கழித்தோம். இணைப்பில் குறையொன்றும் இல்லை. 2020 முதல் இக்களஞ்சியங்கள் டிஎல்எஸ் 1.2க்குக் குறைந்த பாதுகாப்பு நெறிகளை ஏற்பதில்லை. பழைய கணிப்பொறியோ பழைய நெறியில் பேசிக்கொண்டிருந்தது. அந்த அமர்வுக்கு மட்டும் நெறியை மாற்றும் ஒற்றை வரியால் சிக்கல் தீர்ந்தது.

பொதி வந்து சேர்ந்தபின் அதன் உறையைத் திறந்து பார்ப்பது நன்று. பெயர் எதுவாயினும் அது ஒரு ஜிப் கோப்பே. உள்ளே 'லிப்' என்னும் அடைவில், டாட்நெட்டின் வகைக்கொன்றாக ஒரே நிரலகம் பலமுறை இருக்கும். 5.1ஆம் பதிப்பினர் 'நெட்45' அடைவிலுள்ளதையும், ஏழாம் பதிப்பினர் 'நெட்ஸ்டாண்டர்ட்2.0' அடைவிலுள்ளதையும் எடுத்து, 'ஆட்-டைப்' கட்டளையால் ஏற்ற வேண்டும். ஏற்றிய பின்னரே நிரலகம் நம் சொற்படி நடக்கும். பிழையானதை ஏற்றிவிட்டால் அவ்வமர்வில் இறக்க வழியில்லை. பவர்ஷெல்லை மூடித் திறப்பதே வழி.

நிறுவும்போது, 'இக்களஞ்சியம் நம்பத்தக்கதெனக் குறிக்கப்படவில்லை, தொடரலாமா?' என்னும் பொருள்பட ஒரு வினா எழும். பலரும் படியாமலே இசைவு தந்துவிடுகின்றனர். அவ்வினாவை வெறும் சடங்காக நாம் கருதவில்லை. கணக்குத் தொடங்கிய எவரும் களஞ்சியத்தில் பொதி ஏற்றலாம். புகழ்பெற்ற பொதியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி ஏமாற்றுவாரும் உளர். நாம் ஏற்றும் நிரலகம் நம் உரிமையோடு நம் கோப்புகளைத் தொட வல்லது. ஆதலின் ஆக்கியவர் யார், கடைசியாகப் புதுப்பித்தது எப்போது, மூலநிரல் காணக் கிடைக்கிறதா என்பவற்றைக் களஞ்சியப் பக்கத்தில் பார்த்த பின்னரே இசைவு தருகிறோம்.

பதிப்பெண்ணைத் தராவிடில் அன்றைய புதிய பதிப்பு வரும். அம்மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் அவ்வாறே செய்திருந்தார். துறையில் இருந்ததோ வேறு பதிப்பு. சொல்லடைவின் முன்னுரையில் எந்தப் பதிப்பாசிரியரின் நூலைக் கொண்டோம் எனக் குறிப்பது நம் மரபு. அதனடியில், நிரலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு வரியாகச் சேர்க்குமாறு அவரிடம் கூறினோம், சேர்த்துள்ளார்.